சலப்பையும் சில சொற்களும்: கிறீன் வைத்தியர் முதல் மரபணு மௌனம் வரை

மரபணுவை மௌனமாக்குதல் என்ற தொடரை எழுத நேரும்போதெல்லாம் எனக்கு மானிப்பாய்தான் நினைவுக்கு வருகின்றது. இதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை. மேலைநாட்டு மருத்துவத்தைத் தமிழில் சொல்ல முடியுமா என்ற கேள்விக்கு முதன்முதலில் செயலால் விடை கண்ட இடம் அது. அக்கேள்வி இன்னும் முடிந்துவிடவில்லை.

அமெரிக்காவின் மசாச்சூசெற்ஸ் மாநிலத்து வூஸ்ரர் நகரில் 1822ஆம் ஆண்டு பிறந்த சாமுவேல் பிஸ்க் கிறீன், அமெரிக்க இலங்கை மிஷனின் வைத்தியராக 1847இல் யாழ்ப்பாணம் வந்தார். முதலில் வட்டுக்கோட்டை, அடுத்த ஆண்டு மானிப்பாய். 1848இல் அவர் மாணவர்களைச் சேர்த்துக் கற்பிக்கத் தொடங்கிய அந்தச் சிறிய வகுப்பே யாழ்ப்பாணத்தின் மருத்துவக் கல்விக்குத் தொடக்கம். முதலில் ஆங்கிலத்திலேயே கற்பித்தார். படித்து முடித்தவர்களோ அரசாங்க உத்தியோகம் தேடி வெளியிடங்களுக்குப் போயினர். கிராமங்களில் வைத்தியர் எவரும் தங்கவில்லை. 1857இல் தாயகம் சென்று 1862இல் திரும்பி வந்த கிறீன், இனித் தமிழிலேயே கற்பிப்பது என்று முடிவு செய்தார். தமிழில் படித்தவன் தமிழ்க் கிராமத்தில் இருப்பான் என்பது அவருடைய கணக்கு. உணர்ச்சிப் பெருக்கில் எடுத்த முடிவன்று. நடைமுறை அறிந்த மனிதரின் முடிவு. 1873இல் யாழ்ப்பாணத்தை விட்டுப் போகும்வரை அறுபதுக்கும் மேற்பட்டோரை அவர் வைத்தியராக்கினார். அவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் தமிழிலேயே கற்றவர்கள்.

கற்பிப்பதற்கு நூல் வேண்டுமல்லவா? அவரும் அவருடைய மாணவர்களும் மொழிபெயர்த்த நூல்களின் பெயர்களை இன்று வாசித்தாலும் ஒரு மிடுக்குத் தெரிகின்றது: அங்காதிபாத சுகரண வாத உற்பாலன நூல், இரண வைத்தியம், மனுஷ அங்காதிபாதம், மனுஷ சுகரணம், கெமிஸ்தம். இவற்றின் பக்கங்களைக் கூட்டினால் நாலாயிரத்தைத் தாண்டும். தமிழ்ச் சொல் இருந்தால் தமிழ், இல்லாவிட்டால் வடமொழி, அதுவும் கைகொடுக்காவிட்டால் ஆங்கிலச் சொல்லையே தமிழ் ஒலிக்கேற்ப மாற்றி எடுத்துக்கொள்வது. இதுவே அவர்கள் வகுத்துக்கொண்ட வரிசை. 1875இல் வெளிவந்த கெமிஸ்தம் அந்த மூன்றாவது வழியில் பிறந்த பெயர். கவிஞர் அம்பி 1967இல் ‘கிறீனின் அடிச்சுவடு’ என்ற நூலை எழுதியிராவிட்டால், இந்தச் செய்திகள் பலவும் எம் தலைமுறையினர் பலருக்குத் தெரியாமலே போயிருக்கும்.

அந்த மரபின் தொடர்ச்சியாகத்தான் இலங்கையில் சுதந்திரத்தின் பின்னர் அரச கரும மொழித் திணைக்களம் கலைச்சொற்களை ஆக்கியது. பாடசாலைகளில் விஞ்ஞானம் தமிழில் கற்பிக்கப்பட்டது. நாங்கள் படித்த புத்தகங்களில் தமிழகத்தவர் செல் என்பது கலம். திசு என்பது இழையம். குரோமோசோம் என்பது நிறமூர்த்தம். என்சைம் என்பது நொதியம். மரபணு என்பது பரம்பரை அலகு. இக்கட்டுரையில் கலம் என்றே எழுதுகின்றேன், பழக்கம் விடவில்லை. பரம்பரை அலகை மட்டும் மரபணுவுக்கு விட்டுக்கொடுத்துவிட்டேன். அச்சொல் இப்போது கடல் கடந்து எல்லாத் தமிழருக்கும் பொதுவாகிவிட்டது. சிறுநீர்ப்பைக்கோ எங்கள் ஊர்ச் சொல்லே போதும்: சலப்பை.

சலப்பையில் வரும் புற்றுநோயைப் பற்றிப் பேசுவதற்கு யாழ்ப்பாணத்தானுக்குத் தனிக் காரணம் ஒன்று உண்டு. எங்கள் பொருளாதாரம் ஒரு காலத்தில் புகையிலையின் மீது நின்றது. ஒல்லாந்தர் காலத்திலிருந்தே யாழ்ப்பாணப் புகையிலை திருவாங்கூருக்கு ஏற்றுமதியானது. பின்னாளில் சுருட்டுத் தொழில் வளர்ந்தது. தென்னிலங்கையின் சிற்றூர்களில்கூடத் தமிழர் ஒருவரின் சுருட்டுக்கடை இருந்த காலம் எம் பெற்றோருக்கு நினைவிருந்தது. பிள்ளைகளின் படிப்பு, பெண்களின் சீதனம், கோயில் திருப்பணி யாவற்றிலும் புகையிலைக் காசு கலந்திருந்தது. அந்தப் புகையில் என்ன இருந்தது என்பதுதான் பின்னர் தெரியவந்தது.

தெரியவந்த விதம் சுவையானது. 1895இல் பிராங்க்பேர்ட் நகரத்து அறுவை வைத்தியர் லுட்விக் றேன், சாயத் தொழிற்சாலையொன்றில் வேலை செய்தவர்களிடையே சலப்பைப் புற்றுநோய் தோன்றியதைக் கவனித்து எழுதினார். செந்நிறச் சாயம் செய்யும் இடம் அது. அனிலீன் வகைச் சாயத் தொழிலில் புழங்கும் சில அரோமற்றிக் அமைன்களே குற்றவாளிகள் என்பது பல பத்தாண்டுகளின் ஆராய்ச்சியில் உறுதியாயிற்று. இதே குடும்பத்துப் பொருள்கள் புகையிலைப் புகையிலும் உள்ளன. நுரையீரல் வழியே இரத்தத்தில் சேர்ந்து, சிறுநீரகம் வடிகட்டி, சிறுநீரோடு சலப்பையில் மணிக்கணக்காகத் தங்கி, அதன் உட்சுவரை நனைத்துக்கொண்டிருக்கின்றன. சலப்பைப் புற்றுநோயில் ஏறத்தாழப் பாதிக்குப் புகைத்தலே காரணம் என்று அமெரிக்க ஆய்வுகள் கணித்துள்ளன. புகைப்பவன் நெஞ்சுக்குப் பயப்படுகின்றான்; சலப்பையை நினைப்பதில்லை. புகையிலையைப் புகைக்காமல் வெற்றிலையோடு மென்றவர்களுக்கு வாய்ப்புற்று வந்தது என்பது வேறு கதை; அதுவும் எங்கள் கதைதான்.

இனி மரபணுவுக்கு வருவோம். மனிதப் புற்றுநோய் ஒன்றிலிருந்து முதன்முதலில் பிரித்தெடுக்கப்பட்ட புற்றுநோய் மரபணு சலப்பையிலிருந்து வந்தது என்பதைப் பலர் அறியார். சுவீடன் நாட்டு மூதாட்டி ஒருவரின் கட்டியிலிருந்து 1970இல் எடுத்து வளர்க்கப்பட்ட கலங்களுக்கு டி-24 என்று பெயர். அவை ஆய்வுகூடக் கண்ணாடித் தட்டுகளில் இன்றுவரை பெருகிக்கொண்டே இருக்கின்றன. 1982இல் ரொபேர்ட் வெயின்பேர்க், மரியானோ பார்பசிட், மைக்கேல் விக்லர் ஆகியோரின் மூன்று ஆய்வுகூடங்கள் தனித்தனியே ஒரே விடையை அடைந்தன. ராஸ் எனப்படும் மரபணுவில், ஆயிரக்கணக்கான எழுத்துக்களுக்கிடையே, ஓரெழுத்து மாறியிருந்தது. அதனால் அது ஆக்கும் புரதத்தின் 12ஆவது இடத்தில் கிளைசீன் இருக்க வேண்டியவிடத்து வலீன் வந்து உட்கார்ந்திருந்தது. பிரியும்படி இடப்படும் கட்டளை நிற்காமல் போயிற்று. அச்சுக்கோத்த காலத்துப் பத்திரிகையாளன் எவனுக்கும் இதை விளங்கிக்கொள்வது எளிது. ஓரெழுத்துப் பிழையால் தலைப்பே தலைகீழாகும் என்பதை நாங்கள் அறிவோம்.

பிழையான மரபணுவைத் திருத்துவது கடினம். ஆனால் அதைப் பேசாமல் செய்யலாமா? இந்த எண்ணம் வந்த வழியில் ஒரு பூவும் ஒரு புழுவும் குறுக்கிடுகின்றன. 1990இல் அமெரிக்காவில் ரிச்சர்ட் ஜோர்கன்சனும் தோழர்களும் பெற்றூனியா என்னும் பூஞ்செடியின் ஊதா நிறத்தை ஆழமாக்க விரும்பி, நிறம் தரும் மரபணுவின் மேலதிகப் படியொன்றைச் செடிக்குள் செலுத்தினர். பூக்கள் கருமையாவதற்குப் பதிலாகச் சில வெள்ளையாயின! புதிதாக வந்தது, ஏற்கனவே இருந்ததையும் சேர்த்து அடக்கிவிட்டது. காரணம் 1998இல் புழுவொன்றில் தெரிந்தது. அன்ட்ரூ ஃபயரும் கிரெய்க் மெல்லோவும், ஈரிழை ஆர்.என்.ஏயைச் சிறு புழுவினுள் செலுத்தியபோது, அதே எழுத்துவரிசை கொண்ட மரபணு மட்டும் அடங்கிப்போவதைக் கண்டனர். 2006இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

இது நடைபெறும் விதத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகின்றேன். மரபணு கலத்தின் கருவினுள் இருக்கும் மூலப்பிரதி. அதிலிருந்து ஆர்.என்.ஏ என்ற நகல் வெளியே அனுப்பப்படுகின்றது. அந்த நகலைப் பார்த்தே புரதம் ஆக்கப்படுகின்றது. ஈரிழை ஆர்.என்.ஏ கலத்தினுள் நுழைந்தால் ஒரு நொதியம் அதை ஏறத்தாழ 21 எழுத்து நீளமுள்ள துண்டுகளாக நறுக்கும். அத்துண்டின் ஓரிழையைக் கையில் வைத்துக்கொண்டு இன்னொரு புரதக்கூட்டம் கலமெங்கும் தேடும். பொருந்தும் நகல் அகப்பட்டால் வெட்டிவிடும். மூலப்பிரதி அப்படியே இருக்கும், நகல்தான் அழிகின்றது. அச்சகத்துக்குப் போகும் வழியில் செய்தியை மறித்துக் கிழிப்பது போன்றது. தணிக்கை அதிகாரிகளைக் கண்ட எங்களுக்கு இதற்கு மேலும் உவமை வேண்டுமா? 2001இல் தோமஸ் ருஷ்லின் குழுவினர், 21 எழுத்துத் துண்டுகளை நேரடியாகவே ஆக்கி மனிதக் கலத்தினுள் செலுத்தினாலும் இது நிகழும் என்று காட்டினர். அன்றிலிருந்து உலகின் எந்த ஆய்வுகூடமும் தான் விரும்பிய மரபணுவை அடக்கிப் பார்க்கலாம் என்றாயிற்று.

சலப்பைப் புற்றுநோய்க் கலங்களில் இது பயன்பட்ட நல்ல உதாரணம் ஒன்று உண்டு. எஃப்.ஜி.எஃப்.ஆர்-3 என்பது கலத்தின் மேற்பரப்பிலே நின்று வளரும்படியான சைகையை உள்ளே கடத்தும் புரதம். சலப்பைப் புற்றுநோயில் அதன் மரபணு பல சமயம் பழுதடைந்திருப்பதைப் பிரான்சு நாட்டு ஆய்வாளர்கள் 1999இல் அறிவித்தனர். பழுது என்பது ஒன்று, பழுதுதான் நோயை ஓட்டுகின்றது என்பது வேறு. விபத்து நடந்த இடத்தில் நிற்பவனெல்லாம் குற்றவாளி அல்லன். இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் மார்கிரெட் நோல்ஸ் குழுவினர் பழுதுற்ற அம்மரபணுவை மௌனமாக்கிப் பார்த்து 2007இல் முடிவை வெளியிட்டனர். கலங்களின் பெருக்கம் தணிந்தது. அப்படியானால் அதைக் குறிவைத்து மருந்து தேடலாம். பல குழுக்களின் உழைப்புக்குப் பின்னர், அப்புரத வகையைத் தடுக்கும் எர்டாபிற்றினிப் என்ற மாத்திரைக்கு அமெரிக்காவில் 2019 ஏப்ரலில் அனுமதி கிடைத்தது. கவனிக்க: மருந்தாக வந்தது மௌனமாக்கும் ஆர்.என்.ஏ அன்று, சாதாரண மாத்திரை. மௌனமாக்கல் இங்கே துப்பறியும் கருவியாகவே பயன்பட்டது.

மௌனமாக்கும் ஆர்.என்.ஏயே மருந்தாகாதா? ஆகியிருக்கின்றது, அங்கேதான் கதை மீண்டும் எங்கள் பக்கம் திரும்புகின்றது. அமெரிக்க இலங்கை மிஷனின் முதல் நிலையங்களுள் ஒன்று 1816இல் தெல்லிப்பழையில் அமைந்தது. அங்கே இருந்தவர் டானியேல் பூவர். இந்த மிஷனிலிருந்தே 1834இல் மதுரைக்கு ஆட்கள் போயினர்; 1836இல் பூவரும் போனார். அங்கே வேரூன்றிய மதுரை மிஷன் 1881இல் தொடங்கிய கல்லூரியே இன்றைய அமெரிக்கன் கல்லூரி. மதம் மாற்ற வந்தவர்களின் எண்ணங்களை நான் இங்கே எடைபோடவில்லை. அதற்கு எங்கள் நாட்டில் நூற்றைம்பது ஆண்டுப் பழைமையான விவாதம் உண்டு. சொல்ல வந்தது இதுதான்: அக்கல்லூரியில் வேதியியல் கற்ற முத்தையா மனோகரன், அமெரிக்காவின் அல்நைலம் நிறுவனத்தில் 2003 முதல் பணியாற்றி, ஆர்.என்.ஏத் துண்டுகளை மருந்தாக்கிய இரசாயன வேலையின் முன்னணியில் நின்றவர்.

சிக்கல் என்னவென்றால், வெறும் ஆர்.என்.ஏயை ஊசியில் ஏற்றினால் இரத்தத்திலுள்ள நொதியங்கள் நிமிடங்களில் சிதைத்துவிடும். எஞ்சியதைச் சிறுநீரகம் வடித்து வெளியேற்றிவிடும். ஆகவே எழுத்துக்களின் இரசாயன அமைப்பைச் சற்று மாற்றி உறுதியாக்க வேண்டும். அதன்பின் போய்ச்சேர வேண்டிய இடத்தின் முகவரியும் எழுத வேண்டும். 2018 ஓகஸ்ற்றில் அனுமதி பெற்ற முதல் மருந்தான பற்றிசிரான் கொழுப்புத் துளியினுள் பொதிந்து கொடுக்கப்பட்டது. அடுத்து வந்தவற்றில் சர்க்கரை வகை மூலக்கூறு ஒன்றை மும்மூன்றாக இணைத்தனர். அச்சர்க்கரையைப் பற்றும் கொக்கிகள் ஈரல் கலங்களில் ஏராளம். 2019இல் கிவோசிரான் இவ்வழியில் வந்தது. கொழுப்பைக் குறைக்க ஆண்டுக்கு இருமுறை போடும் இன்கிளிசிரான் ஊசியும் இவ்வகையே. பற்றிசிரானின் விலை அறிமுகமானபோது ஆண்டுக்கு ஏறத்தாழ நாலரை இலட்சம் டொலர். இதையும் சொல்லாமல் விடுவது வாசகருக்குச் செய்யும் நீதியாகாது.

ஈரலுக்கு முகவரி கிடைத்தது. சலப்பைக்கு இன்னும் கிடைக்கவில்லை. பார்வைக்குச் சலப்பை எளிதான இடம். குழாய் ஒன்றினால் மருந்தை உள்ளே நேரே ஊற்றலாம், மற்ற உறுப்புகளுக்குத் தீங்கில்லை. ஆனால் சிறுநீரைத் தாங்குவதற்கென்றே அமைந்த உட்சுவர் அது. வழுவழுப்பான படலம் ஒன்று எதையும் உட்புகவிடாது. ஓரிரு மணித்தியாலத்தில் சிறுநீர் வந்து எல்லாவற்றையும் கழுவிவிடும். 2022 டிசம்பரில் அமெரிக்காவில் அனுமதி பெற்ற மரபணு மருந்து ஒன்று சலப்பைக்கென்றே உண்டு. அது மௌனமாக்குவதன்று, வைரசின் துணைகொண்டு இன்ரபெரோன் மரபணுவைப் புதிதாகச் சேர்ப்பது.

இவ்வளவையும் நான் விரித்து எழுதக் காரணம், வெளிநாடுகளில் வாழும் எம்மவர் தம் ஊர் உறவினருக்காகத் தேடிப் படித்து அனுப்பும் கட்டுரைகள். ‘இன்ன மரபணுவை மௌனமாக்கினால் சலப்பைப் புற்றுநோய்க் கலங்களின் வளர்ச்சி குன்றும்’ என்ற தலைப்பில் நூற்றுக்கணக்கான ஆய்வுகள் உள்ளன. மரபணுவின் பெயர் மட்டும் மாறும். ‘அண்ணை, இதைத் தெல்லிப்பழையில் செய்வினமோ?’ என்று கேட்பவர்களிடம் நான் முதலில் சொல்வது, இவை கண்ணாடித் தட்டிலும் எலியிலும் நடந்தவை என்பதே. இரண்டாவதாகச் சொல்வது அவர்களை வருத்தும். சிட்னி நகரத்துப் புற்றுநோய் ஆய்வாளர் ஜெனிபர் பேர்ண், தான் முன்னர் ஆராய்ந்த ஒரு மரபணுவைப் பற்றித் திடீரென வெளிவந்த சில கட்டுரைகள் ஒன்றையொன்று அச்சொட்டாக ஒத்திருப்பதைக் கண்டார். புற்றுநோயின் பெயர் வேறு. வசனங்களும் படங்களின் ஒழுங்கும் ஒன்று. மௌனமாக்கப் பயன்பட்டதாகக் காட்டிய எழுத்துவரிசைகள் சில அந்த மரபணுவுக்கே உரியவை அல்ல! பிரான்சின் சிறில் லபேயுடன் சேர்ந்து அவர் 2017இல் இதை வெளியிட்டார். பிழையான வரிசைகளைக் கண்டுபிடிக்கும் மென்பொருளையும் ஆக்கினர். பின்னர் அவர்களுடைய குழு 700க்கும் மேற்பட்ட கட்டுரைகளில் இத்தகைய பிழைகளைக் காட்டியது. காசுக்குக் கட்டுரை எழுதிக் கொடுக்கும் தொழிற்சாலைகள் இருக்கின்றன என்பது இப்போது பகிரங்கம். பூட்டுக்குப் பொருந்தாத திறப்பைக் காட்டி வீட்டைத் திறந்தேன் என்பவனை யார் நம்புவார்?

கலங்களிலும் ஆள்மாறாட்டம் உண்டு. டி-24ஐப் பற்றி மேலே சொன்னேன். ஈ.ஜே. என்ற பெயரில் வேறொரு சலப்பைக் கலமாகக் கருதப்பட்டதும் டி-24தான் என்று 1983இலேயே காட்டப்பட்டது. யப்பானில் தொப்புள்கொடி இரத்தக்குழாயிலிருந்து வந்ததாக 1990இல் அறிவிக்கப்பட்ட ஈ.சி.வி-304 என்பதும் டி-24இன் கலப்பே என்று 1999இல் தெரிந்தது. அதற்குள் இரத்தக்குழாயைப் பற்றிய பல ஆய்வுகள் சுவீடன் மூதாட்டியின் சலப்பையில் நடந்து முடிந்திருந்தன.

தொண்ணூறுகளில் யாழ்ப்பாணத்தில் செய்தி எழுதியவர்களுக்கு மகரகம என்ற பெயர் நன்கு தெரியும். நாட்டின் பிரதான புற்றுநோய் வைத்தியசாலை கொழும்புக்கு அருகே அங்கேதான் இருந்தது. போவதற்குப் பாதை இல்லை. கிளாலிக் கடலேரியை இரவில் படகில் கடந்தவர்களிடையே நோயாளிகளும் இருந்தனர். ஏ-9 பாதை 2002இல் திறந்து 2006 ஓகஸ்ற்றில் மீண்டும் மூடியது. புற்றுநோய்ச் சிகிச்சை நாள் தவறாமல் செய்யவேண்டியது. பாதையோ ஒருவர் நாளையும் மதிக்கவில்லை. அந்த ஆண்டுகளில் எத்தனை பேர் நோயால் இறந்தனர், எத்தனை பேர் தூரத்தால் இறந்தனர் என்று பிரித்து எழுத எந்தப் பத்திரிகையாளனாலும் முடியவில்லை.

2011 ஜூலையில் நேதன் சிவகணநாதன், சரிந்த உணம்புவே என்ற இரு நண்பர்கள், ஒருவர் தமிழர், மற்றவர் சிங்களவர், தென்கோடித் தெய்வேந்திரமுனையிலிருந்து வடகோடிப் பருத்தித்துறை வரை 27 நாட்களில் 670 கிலோமீற்றர் நடந்தனர். வழிநெடுக ஆயிரக்கணக்கானோர் சேர்ந்துகொண்டனர். சேர்ந்த பணத்தில் தெல்லிப்பழைப் புற்றுநோய் வைத்தியசாலை எழுந்து 2013 ஓகஸ்ற்றில் திறக்கப்பட்டது. டானியேல் பூவர் வந்திறங்கிய அதே தெல்லிப்பழை.

அங்கே போகவேண்டியவர் காலம் தாழ்த்தாமல் போகவேண்டும் என்பதே இன்று கைவசமுள்ள பெரிய மருந்து. சலப்பைப் புற்றுநோயின் முதல் அறிகுறி பெரும்பாலும் நோவில்லாமல் சலத்தில் இரத்தம் போவது. ஒருநாள் போகும், பின் நின்றுவிடும். உடம்புச் சூடு என்று இளநீரும் வெந்தயத் தண்ணீரும் குடித்துவிட்டு, நின்றுவிட்டதே என்று இருந்துவிடுவார்கள், குறிப்பாக வயது போன ஆண்கள். நோவில்லாத இரத்தம்தான் கூடுதலாகச் சந்தேகிக்க வேண்டியது என்பதை எங்கள் வீடுகளில் எவரும் சொல்வதில்லை. கண்டுபிடிக்கப்படும் சலப்பைப் புற்றுகளில் முக்காற்பங்கு தசைக்குள் இறங்காதவை. குழாய் வழியே பார்த்து அவ்வழியாகவே சுரண்டி எடுக்கக்கூடியவை.

எடுத்தபின் திரும்ப வராதிருக்க, ஆபத்துக் கூடியவர்களுக்குச் சலப்பையினுள் ஊற்றும் மருந்து மரபணு விஞ்ஞானத்துக்கு முந்தியது. கனடாவில் அல்வாரோ மொறாலெஸ் 1976இல் அதன் பயனை வெளியிட்டார். இலங்கையில் பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் காசநோய்க்கெதிராகக் கையில் போடும் அதே பி.சி.ஜி.தான் அது.